தோல்வியின் கணக்கு: பிலடெல்பியா, 1942

1

விளையாட்டைப் பற்றி எழுதுவது நம் தீவிர எழுத்துச் சூழலில் கொஞ்சம் கௌரவக் குறைச்சலான காரியம். சினிமாவுக்கு இடம் கிடைத்துவிட்டது, அதுவும் வெகுகாலம் வாசலில் நிறுத்திவைக்கப்பட்ட பிறகுதான். ரோலன் பார்த் மல்யுத்தத்தைப் பற்றி எழுதினார் என்றால் தலையாட்டுகிறோம். ஸி.எல்.ஆர். ஜேம்ஸ் என்ற மார்க்சியர் 1963இல் கிரிக்கெட்டை மையமாக வைத்து ஒரு முழுப் புத்தகமே கொண்டுவந்தார் என்றால் வியக்கிறோம். நம் கையில் பேனா இருக்கும்போது மட்டும் ஸ்கோர் விவரங்களைப் பொழுதுபோக்குப் பத்திரிகைகளிடம் விட்டுவிடுகிறோம். இப்படி விட்டதில் நமக்குத்தான் நஷ்டம். யார் திறமைசாலி என்ற கேள்விக்கு எண்களிலேயே பதில் சொல்லிவிடுவதாக உரிமை கொண்டாடும் அரங்கம் விளையாட்டு. அந்த எண்கள் எப்படி உற்பத்தியாகின்றன என்று கேட்காமல் போனால், தகுதி பற்றிய பொதுப்புத்தி தன்னை மிகப் பத்திரமாக வைத்திருக்கும் இடத்தை நாம் தொடவே இல்லை என்றாகிறது.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு கணக்கை வாசிக்க முயல்கிறது: 42–109. பிலடெல்பியா பில்லிஸ் என்ற அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் அணி 1942இல் 151 ஆட்டங்கள் ஆடியது. 42இல் வெற்றி, 109இல் தோல்வி. எட்டு அணிகள் கொண்ட நேஷனல் லீகில் எட்டாவது இடம். அதே வருடம் அதே லீகில் முதலிடம் பிடித்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 106 ஆட்டங்களில் வென்றது. பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முடியக் கிட்டத்தட்ட தினமும் ஆட்டம் நடக்கும். மூன்றில் ஒரு ஆட்டத்தை மட்டும் வெல்கிற அணியையே படுமோசம் என்பார்கள். பில்லிஸ் அந்த அளவுக்கும் கீழே கிடந்தது. ஒரு வருடத்துக் கதையும் இல்லை இது. 1938இலிருந்து 1942வரை தொடர்ந்து ஐந்து சீசன்களில் நூறுக்கு மேல் தோல்விகள். 1941இல் 111. நடுவில் இரண்டு வருடம் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டு, 1945இல் மறுபடி 108.

அமெரிக்க விளையாட்டு எழுத்தில் இத்தகைய அணிகளைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஒரு தொனி இருக்கிறது. 'பாவம், ஆனா நல்ல பசங்க' என்ற தொனி. தோற்றுக்கொண்டே இருப்பவனை நேசிப்பது, அவன் சொதப்பல்களைத் துணுக்குகளாக்கிச் சிரிப்பது, கடைசியில் அதையே மனித நிலைமையின் குறியீடாக்கிக் கண் கலங்குவது. யுத்தகால அணிகள் என்றால் இந்தத் தொனிக்குக் கூடுதல் வசதி. நல்ல வீரர்களெல்லாம் போர்முனைக்குப் போய்விட்டார்கள், மிச்சமிருந்த கிழவர்களும் சிறுவர்களும் நாட்டுக்காகச் சமாளித்தார்கள் என்று ஒரு தியாகப் பூச்சையும் பூசிவிடலாம். இந்தக் கதையாடல் முழுப்பொய் இல்லை. முழுப்பொய்யாக இருந்தால் இத்தனை காலம் நின்றிருக்காது. அது எதைச் சொல்லாமல் இருப்பதற்காக இவ்வளவு உருக்கமாகப் பேசுகிறது என்பதே இங்கே நம் கேள்வி.

2

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பில்லிஸ் தோற்றதற்கு யுத்தம் முதல் காரணம் இல்லை. முதல் காரணம் முதலாளி.

ஜெரி நூஜென்ட் என்பவர் கையில் 1930களின் தொடக்கத்திலிருந்து அணி இருந்தது. கையில் பணமில்லை. வருடாவருடம் கணக்கை நேர்செய்ய ஒரு வழியைக் கண்டுபிடித்தார்: யாராவது ஒரு வீரர் நன்றாக ஆடத் தொடங்கினால் உடனே அவரைப் பணத்துக்கு விற்பது. 1933இல் லீகின் மிகச் சிறந்த மட்டையாளராக இருந்த சக் க்ளைன் அந்த வருடமே சிகாகோவுக்குப் போனார். 1938இல் பக்கி வால்டர்ஸ் சின்சினாட்டிக்கும் டால்ஃப் கமிலி ப்ரூக்ளினுக்கும் விற்கப்பட்டார்கள். 1939இல் நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது வால்டர்ஸுக்கு. 1941இல் அதே விருது கமிலிக்கு. 1940 முடிவில் விற்கப்பட்ட கர்பி ஹிக்பி என்ற பந்துவீச்சாளர் அடுத்த வருடம் ப்ரூக்ளினுக்காக 22 ஆட்டங்களை வென்று கொடுத்தார். ப்ரூக்ளின் லீகில் முதலிடம் பெற்றது. அப்படியானால் பில்லிஸிடம் திறமை இல்லை என்று சொல்ல முடியாது. அது திறமையைக் கண்டெடுத்து, பழுக்கவைத்து, வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. அதன் உண்மையான உற்பத்திப்பொருள் வீரர்கள். தோல்வி அந்தத் தொழிலின் கழிவு.

கழிவு என்றதும் ஒரு பழைய வேடிக்கை ஞாபகம் வருகிறது. 1938இன் நடுப்பகுதிவரை பில்லிஸ் ஆடிய பேக்கர் பௌல் மைதானத்தின் வலப்பக்கச் சுவரில் லைஃப்பாய் சோப் விளம்பரம் பெரிதாக இருந்தது. பில்லிஸ் அணியினர் லைஃப்பாய் உபயோகிக்கிறார்கள் என்று அது சொன்னது. அப்படியும் நாற்றம் போகவில்லை என்று யாரோ ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே எழுதிவிட்டுப் போனதாக ஒரு கதை. பேஸ்பால் புத்தகங்களில் திரும்பத்திரும்ப வரும் இந்தத் துணுக்கில் சிரிப்பு யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். வியர்த்து ஆடுகிறவன்மேல் விழுகிறது. அவனை விற்றுக் காசாக்கியவன்மேல் ஒரு துளியும் தெறிக்கவில்லை.

இந்தச் சிரிப்பின் உச்சம் ஹியூ மல்காஹி. அமெரிக்கப் பத்திரிகைகளில் ஆட்ட விவரத்துக்குக் கீழே இரண்டு பெயர்கள் அச்சாகும்: வென்ற பிட்சர் இன்னார், தோற்ற பிட்சர் இன்னார். பிட்சர் என்றால் பந்து வீசுபவர். மொத்த அணியின் வெற்றி தோல்வியை ஒரே ஒரு ஆளின் கணக்கில் எழுதுகிற விசித்திரமான வழக்கம் இது. 1937இலிருந்து 1940வரையிலான நான்கு வருடங்களில் மல்காஹியின் பெயர் 'தோற்ற பிட்சர்' என்ற இடத்தில் 76 தடவை வந்தது. கடைசியில் அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது: தோற்ற பிட்சர் மல்காஹி. அவர் மோசமான வீரர் இல்லை. 22 தோல்விகள் பெற்ற 1940இல்தான் லீகின் நட்சத்திர ஆட்டத்துக்கும் தேர்வானார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் பந்தைப் பிடிக்கவில்லை, மட்டை எடுத்தவர்கள் ரன் எடுக்கவில்லை, எடுக்கக்கூடியவர்களை முதலாளி விற்றுவிட்டார். ஆனால் பதிவேட்டில் பெயர் இவருடையது. ஒரு அமைப்பின் குற்றத்தைத் தனிமனிதனின் இயல்பாக மாற்றி எழுதும் எழுத்துமுறைக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. மல்காஹிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பெரிய லீகில் முறையாக ஆடிக்கொண்டிருந்தவர்களில் முதன்முதலில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டவர் அவர்தான், 1941 மார்ச்சில். வயது வரம்பைக் காட்டி 1941 டிசம்பர் 5 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளில் பேர்ல் ஹார்பர். மறுபடி கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்து பந்து வீச 1945 ஆகிவிட்டது.

3

இனி யுத்தம். 1942 ஜனவரி 15 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் பேஸ்பால் கமிஷனர் நீதிபதி லாண்டிஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். உழைக்கும் மக்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டும், ஆட்டம் தொடரட்டும், ஆனால் ராணுவ வயதுள்ள வீரர்கள் போய்த்தான் ஆகவேண்டும் என்பது அதன் சாரம். யுத்தம் முடிவதற்குள் பெரிய லீக் வீரர்கள் 500க்கும் மேற்பட்டோர் சீருடை அணிந்தார்கள். ஆள் பஞ்சம்.

பந்துக்கும் பஞ்சம். பேஸ்பாலின் நடுவில் தக்கையைச் சுற்றி ரப்பர் இருக்கும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்ததோடு மலாயா ரப்பர் முழுக்க ஜப்பானியர் வசம் போயிற்று. ஆகவே 1943 சீசனை பலாட்டா என்ற வேறொரு மரப்பாலில் செய்த பந்தோடு தொடங்கினார்கள். பந்து எழும்பவில்லை, ரன் வரவில்லை, கொஞ்ச நாளில் கைவிட்டார்கள். பேஸ்பால் வரலாறுகளில் இது 'செத்த பந்து' என்ற சுவாரஸ்யமான துணுக்காக மட்டும் வரும். அந்த ரப்பரைப் பால்வெட்டி இறக்கியவர்களில் பெரும்பகுதி தமிழ்க் கூலிகள் என்பதும், பந்து செத்துப்போன அதே 1943இல் அந்தத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் அங்கே வராது. வரவேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. அந்தப் பந்துக்குள் நம் ஆட்களும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தார்கள் என்று நாமாவது ஒரு தடவை எழுதிவைப்போம்.

ஆள் பஞ்சத்துக்கு வருவோம். லீக் எங்கெல்லாம் தேடியது? 1944 ஜூன் 10 அன்று சின்சினாட்டி அணி ஜோ நக்ஸ்ஹால் என்ற பதினைந்து வயதுப் பையனைப் பந்துவீச இறக்கியது. இரண்டே பேரை வெளியேற்றுவதற்குள் ஐந்து ரன் கொடுத்துவிட்டுத் திரும்பினான். பில்லிஸ் அதே வருடம் பதினாறு வயது ரால்ஃப் கபயேரோவை இறக்கியது. 1945இல் செயின்ட் லூயிஸ் ப்ரௌன்ஸ் சிறுவயதிலேயே வலது கையை இழந்த பீட் க்ரேயை 77 ஆட்டங்களில் ஆடவைத்தது. ஜெர்மனியில் விமானம் சுடப்பட்டு ஒரு காலை இழந்த பெர்ட் ஷெப்பர்ட் 1945 ஆகஸ்ட் 4 அன்று செயற்கைக் காலோடு வாஷிங்டனுக்காகப் பந்து வீசினார், நன்றாகவே வீசினார். பில்லிஸ் ஜிம்மி ஃபாக்ஸைக் கொண்டுவந்தது. 534 ஹோம்ரன் அடித்த மகா மட்டையாளர், அப்போது 37 வயது. அவரைப் பந்து வீசவும் வைத்தார்கள். வாஷிங்டன் முதலாளி கியூபாவில் ஆள் பிடித்தார், தோல் போதிய அளவுக்கு வெளுப்பாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து.

ஒற்றைக் கையோடு ஆடியவரையோ செயற்கைக் காலோடு வீசியவரையோ கேலி செய்வது நம் வேலை இல்லை. அவர்களுடைய ஆட்டம் நிஜமான சாதனை. நாம் பார்க்க வேண்டியது தேடலின் வரைபடத்தை. பள்ளிக்கூடம்வரை போனார்கள், ஆஸ்பத்திரிவரை போனார்கள், கடல் கடந்தும் போனார்கள். நாலு தெரு தள்ளி மட்டும் போகவில்லை.

4

நாலு தெரு என்றுகூடச் சொல்லக்கூடாது. அதே மைதானம்.

1938க்குப் பிறகு பில்லிஸ் ஷைப் பார்க் என்ற மைதானத்தில் வாடகைக்குக் குடியிருந்தது. சொந்தக்காரர் இன்னொரு லீகைச் சேர்ந்த பிலடெல்பியா அத்லெடிக்ஸ். 1942இல் அந்த அணியும் தன் லீகில் கடைசி, 99 தோல்விகள். ஒரே மைதானம், இரண்டு கடைசி அணிகள், மொத்தம் 208 தோல்விகள். அந்த வருட செப்டம்பர் 29 அன்று அதே ஷைப் பார்க்கில் வேறொரு ஆட்டம் நடந்தது. கறுப்பர்களின் தொழில்முறை லீகுகளுடைய உலகக் கோப்பை இறுதி. கான்சஸ் சிட்டி மொனார்க்ஸும் ஹோம்ஸ்டெட் க்ரேஸும் மோதின. மொனார்க்ஸின் சாட்சல் பேஜ் மைதானத்துக்கே தாமதமாக வந்தார். நான்காவது இன்னிங்ஸில் பந்தைக் கையில் வாங்கி, மிச்ச ஆட்டம் முழுக்க எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. 9–5 என்று மொனார்க்ஸ் வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது. எதிரே நின்ற க்ரேஸ் அணியில் ஜோஷ் கிப்சன், பக் லெனர்ட். அந்தத் தலைமுறையின் ஆகப் பெரிய ஆட்டக்காரர்களில் மூவர், 109 ஆட்டம் தோற்ற அணியின் மைதானத்தில், அந்த அணி சீசனை முடித்துக்கொண்டு போன சூட்டோடு.

ரோய் கம்பனெல்லா பிலடெல்பியாவிலேயே 1921இல் பிறந்து வளர்ந்தவர். 1942இல் இருபது வயது. ஆடிக்கொண்டிருந்தது பால்டிமோரின் கறுப்பர் அணியில். பின்னாளில் இவரே ப்ரூக்ளினுக்காக ஆடி 1951, 1953, 1955 என்று மூன்று தடவை நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரரானார். நகரத்துப் பிள்ளை. நகரத்து அணிக்குக் கண் தெரியவில்லை.

தடை என்று எழுத்தில் எதுவும் இல்லை என்பதுதான் இதில் நுட்பமான இடம். 1942 ஜூலையில் கமிஷனர் லாண்டிஸ் பகிரங்கமாகவே அறிவித்தார்: கறுப்பர்களைச் சேர்க்கக்கூடாது என்று விதியும் இல்லை, வாய்மொழி ஒப்பந்தமும் இல்லை, யாரும் யாரையும் சேர்த்துக்கொள்ளலாம். 1884இல் டொலிடோ அணியில் ஃப்ளீட்வுட் வாக்கர் ஆடினார். அதன்பிறகு அறுபது வருடத்துக்கும் மேலாகப் பெரிய லீகில் ஒரு கறுப்பரும் இல்லை. விதி இல்லாமலே! எழுதப்பட்ட விதியை எதிர்த்து வழக்குப் போடலாம். எழுதப்படாத விதியை நிரூபிக்கவே ஒரு ஆயுள் போய்விடும். அதிகாரம் எங்கே மௌனமாக இருக்கிறதோ அங்கேதான் அது நிம்மதியாக வேலை செய்கிறது.

ஆனால் எல்லோரும் மௌனமாக இல்லை. கம்யூனிஸ்ட் நாளிதழான டெய்லி வொர்க்கரின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் லெஸ்டர் ராட்னி 1936இலிருந்தே இந்தத் தடையை எதிர்த்து இயக்கம் நடத்தினார். பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பர் பத்திரிகையில் வெண்டல் ஸ்மித் விடாமல் எழுதினார். வெளியே பாசிசத்தையும் உள்ளே நிறவெறியையும் ஒருசேர வெல்ல வேண்டும் என்ற இரட்டை வெற்றி இயக்கத்தை 1942இல் அந்தப் பத்திரிகைதான் தொடங்கியது. 1943 டிசம்பர் 3 அன்று நியூயார்க்கில் பேஸ்பால் முதலாளிகள் கூட்டத்துக்குக் கறுப்பர் பத்திரிகை அதிபர்களோடு பால் ரோப்சனும் போய்ப் பேசினார். அப்போது அவர் பிராட்வேயில் ஒதெல்லோவாக நடித்துக்கொண்டிருந்தார். முதலாளிகள் மரியாதையாகக் கேட்டார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை. கலைந்தார்கள்.

சரி, வியாபாரம்தான் காரணம், கூட்டம் வராது என்று பயந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பில்லிஸ் 1942 முழுக்கத் தன் மைதானத்தில் சேர்த்த கூட்டம் சுமார் 2,30,000. 1943இல் சிகாகோவில் கறுப்பர் லீகுகளின் நட்சத்திர ஆட்டம் ஒன்றுக்கு, ஒரே நாளில், 51,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பில்லிஸ் ஒரு வருடத்தில் திரட்டியதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். லாபம்தான் குறி என்றால் முதலாளிக்கு இந்தக் கணக்கு தெரியாமலா போயிருக்கும்? இங்கே நம்முடைய எளிய பொருளாதாரவாத விளக்கம் தடுமாறுகிறது. கறுப்பர் ஆட்டங்களுக்கு மைதானத்தை வாடகைக்கு விட்டுக் காசு பார்த்த முதலாளிகள் உண்டு என்பது மெய். ஆனால் வாடகைக்குக் குடியிருந்த, திவாலாகிக்கொண்டிருந்த பில்லிஸுக்கு அந்த லாபமும் இல்லை. 1943 பிப்ரவரியில் நூஜென்ட் கடன் கட்ட வழியில்லாமல் அணியை லீகே கையகப்படுத்தியது. வரப்பைத் தாண்டுவதைவிட வயல் போவது மேல் என்று அவர்கள் தேர்ந்துகொண்டார்கள். நிறப் பெருமிதம் லாப நட்டக் கணக்குக்குக் கட்டுப்பட்ட விஷயமாக எப்போதும் இருப்பதில்லை. சில சமயம் அதற்காக நட்டப்படவும் செய்வார்கள்.

5

இந்த இடத்தில்தான் ஒரு பிரபலமான கதை நுழைகிறது. பில் வீக் என்ற பேஸ்பால் முதலாளி 1962இல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் இதைச் சொன்னார். 1943 தொடக்கத்தில் பில்லிஸை வாங்கி, கறுப்பர் லீகின் நட்சத்திரங்களால் நிரப்பி, பட்டத்தை வெல்வது அவருடைய திட்டம். மரியாதைக்காக முன்கூட்டியே லாண்டிஸிடம் சொன்னார். மறுநாள் பார்த்தால் அணி லீகின் கைக்குப் போயிருந்தது. பிறகு அது வில்லியம் காக்ஸ் என்ற மரவியாபாரிக்கு விற்கப்பட்டது. (இந்தக் காக்ஸ் தன் அணியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியதற்காக 1943 நவம்பரில் ஆயுள்தடை பெற்றார். சூதாடிக்குக் கதவு திறந்திருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.)

1998இல் மூன்று பேஸ்பால் வரலாற்று ஆய்வாளர்கள் இந்தக் கதையை மறுத்தார்கள். அக்காலக் கறுப்பர் பத்திரிகைகளில்கூட இதற்குச் சுவடு இல்லை, வீக் பின்னாளில் கட்டிய கதை என்றார்கள். பிறகு ஜூல்ஸ் டைகல் போன்றவர்கள் அந்த மறுப்பு அவ்வளவு உறுதியானது இல்லை, 1962க்கு முன்பே இப்பேச்சு இருந்திருக்கிறது என்று எதிர்வாதம் வைத்தார்கள். நடந்ததா இல்லையா என்ற விவாதம் ஆவணக்காரர்களுடையது. கதையாக அது எப்படி இயங்குகிறது என்பது விமர்சனத்தின் கேள்வி. ஒரு நல்ல வெள்ளைக்காரர், ஒரு கெட்ட வெள்ளைக்காரர், ஓர் இரவு. பேஜும் கிப்சனும் இதில் வாங்கி நிரப்பப்படும் சரக்கு. அறுபது வருட அமைப்பு லாண்டிஸ் என்ற ஒரே வில்லனுக்குள் சுருங்கிவிடுகிறது. பதினாறு லீக் முதலாளிகளும் கும்பலாகத் தப்பித்துவிடுகிறார்கள். ராட்னியும் வெண்டல் ஸ்மித்தும் ரோப்சனும் செய்த வேலை மறைந்து, ஒரு தனியாள் உத்தேசித்த நல்லெண்ணம் மட்டும் மிஞ்சுகிறது. வீக் நேர்மையற்றவர் என்று சொல்லவில்லை. 1947இல் லாரி டோபியையும் 1948இல் பேஜையும் க்ளீவ்லாந்துக்குக் கொண்டுவந்தவர் அவர். ஆனாலும் லிபரல் மனசாட்சிக்கு இந்தக் கதை ஏன் இவ்வளவு இனிக்கிறது என்று நாம் கேட்டாக வேண்டும்.

இன்னொரு பிரதி ஃபிலிப் ராத்தின் 'தி கிரேட் அமெரிக்கன் நாவல்' (1973). யுத்தகாலத்தில் சொந்த மைதானத்தையும் இழந்து ஊர்ஊராக அலைந்து தோற்கிற ஒரு கற்பனை அணியின் கதை. ஒற்றைக்கைக்காரர், ஒற்றைக்கால்காரர், சிறுவன் என்று யுத்தகாலத்து வினோதங்கள் அத்தனையும் அதில் பெருக்கிக் காட்டப்படுகின்றன. நாவலின் மைய உத்தி பிரமாதமானது: பேட்ரியட் லீக் என்ற ஒரு பெரிய லீகே அமெரிக்க வரலாற்றிலிருந்து, பதிவேடுகளிலிருந்து, மனங்களிலிருந்து துடைத்து எறியப்பட்டிருக்கிறது. ஒரு கிழட்டுப் பத்திரிகைக்காரர் மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு கத்துகிறார். அமெரிக்க தேசியப் பெருமிதத்தை இவ்வளவு குரூரமாகக் கிண்டலடித்த எழுத்து குறைவு. ஆனால் துடைத்து எறியப்பட்ட ஒரு லீகைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியமே அந்த நாட்டில் இல்லையே! அது நிஜமாகவே இருந்தது. அதைத் தேடி எடுத்துத் தொகுத்த ராபர்ட் பீட்டர்சனின் வரலாற்று நூல், ராத்தின் நாவலுக்கு மூன்று வருடம் முன்பு, 1970இலேயே வந்துவிட்டது. தன்னால் இழப்பு என்று உணர முடிந்ததைத்தான் ஒரு இலக்கியம் பகடியாகவும் ஆக்கும். ராத்தின் பகடிக்கு மையமான இழப்பு வெள்ளை லீகின் இழப்பு.

6

அணியை மட்டும் பிடித்துக்கொண்டு நகரத்தை விட்டுவிடக்கூடாது. 1944இல் புது முதலாளி கார்பென்டர் குடும்பம் அணிக்கு 'ப்ளூ ஜேஸ்' என்று புதுப்பெயர் சூட்டிப் பார்த்தது. தோல்வியின் வாடை பழைய பெயரில் இருக்கிறது என்று நினைத்தார்கள்போல. அதே வருடம் ஆகஸ்ட் 1 அன்று பிலடெல்பியாவின் வெள்ளை டிராம், பஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலிக்காக இல்லை. எட்டுக் கறுப்பர்களை டிராம் ஓட்டப் பயிற்சிக்குச் சேர்த்ததற்காக. யுத்தத் தளவாடத் தொழிற்சாலைகள் ஸ்தம்பித்தன. ரூஸ்வெல்ட் 5,000 துருப்புகளை இறக்கித்தான் வண்டிகள் ஓடின. அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்தை எதிர்த்தது, ஆனால் தடுக்க முடியவில்லை. வேலைநிறுத்தம் என்ற சொல்லைக் கேட்டதுமே மனம் பொங்குகிற நம் தோழர்கள் இந்த ஆகஸ்டைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்கலாம். வர்க்கத்துக்குள்ளே வரப்பு போட்டவன் முதலாளி மட்டும் இல்லை.

அடுத்த வருடம், 1945, பில்லிஸ் 46–108. சீசன் நடுவில் மேனேஜராக வந்தவர் பென் சாப்மேன். 1947 ஏப்ரல் 22 அன்று ப்ரூக்ளினில் ஜாக்கி ராபின்சன் முதல் தடவையாக பில்லிஸை எதிர்கொண்டபோது, தன் அணியினரோடு சேர்ந்து அவரை வாய்க்கு வந்தபடி இன வசை பாடியவர் இதே சாப்மேன்தான். சரியாகப் பத்து வருடம் கழித்து, 1957 ஏப்ரல் 22 அன்று, பில்லிஸின் முதல் ஆப்பிரிக்க–அமெரிக்க வீரராக ஜான் கென்னடி களமிறங்கினார். நேஷனல் லீகில் கடைசியாகக் கதவு திறந்த அணி. அவருக்குக் கிடைத்தது ஐந்தே ஆட்டங்கள். இடையில் 1950இல் பில்லிஸ் லீகில் முதலிடம் பெற்றது. முழுக்க வெள்ளையர்களைக் கொண்டு நேஷனல் லீகை வென்ற கடைசி அணி அது. ஆகவே நிறவெறி பிடித்தவன் எப்போதும் தோற்பான் என்ற நீதிக்கதை இங்கே கிடைக்காது. ஜெயிக்கவும் செய்வான். நகர மன்றம் ராபின்சனிடம் மன்னிப்புக் கேட்டது 2016இல். அவர் 1972இலேயே இறந்துவிட்டார்.

7

2020 டிசம்பரில் அமெரிக்கப் பேஸ்பால் நிர்வாகம், 1920 முதல் 1948வரையிலான ஏழு கறுப்பர் லீகுகளையும் 'பெரிய லீக்' என்று அங்கீகரித்தது. 2024 மே மாதம் அவற்றின் புள்ளிவிவரங்கள் பொதுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. பட்டியலின் தலை மாறியது. வாழ்நாள் மட்டை சராசரியில் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை காப் (.367) இறங்கி, ஜோஷ் கிப்சன் (.372) ஏறினார். ஒரே சீசனுக்கான உச்சமும் கிப்சனுடையது: .466, 1943இல். லீக் பதினைந்து வயதுப் பையன்களைத் தேடிப்போவதற்கு முந்தின வருடம். கிப்சன் 1947 ஜனவரியில் 35 வயதில் செத்துப்போனார். ராபின்சன் களமிறங்க இன்னும் மூன்று மாதம் இருந்தது.

இந்தத் திருத்தத்தை நாம் வரவேற்கிறோம். கூடவே அதை வாசிக்கவும் வேண்டும். சேர்த்துக்கொள்வது என்பதில் ஒரு தந்திரமும் உண்டு. இரண்டு பட்டியலையும் ஒன்றாக ஒட்டியதும், அவை ஏன் இரண்டாக இருந்தன என்ற கேள்வி ஒட்டின் மடிப்புக்குள் போய்விடுகிறது. பட்டியலில் பேஜ் இருக்கிறார், மல்காஹியும் இருக்கிறார், சுமுகமாக. பேஜ் ஏன் மல்காஹிக்குப் பக்கத்தில் நின்று பில்லிஸுக்காக வீசவில்லை என்பதற்கு அங்கே கட்டம் கிடையாது. 1945 ஏப்ரலில் ராபின்சனோடு பாஸ்டனில் ஒரு கண்துடைப்புத் தேர்வுக்குப் போய்வந்தவர் பிலடெல்பியா ஸ்டார்ஸ் என்ற கறுப்பர் அணியின் மார்வின் வில்லியம்ஸ். பிலடெல்பியாவின் இரண்டு வெள்ளை அணிகளும் அந்த வருடமும் தத்தம் லீகில் கடைசி. வில்லியம்ஸுக்கு வெள்ளை லீகின் கதவு கடைசிவரை திறக்கவில்லை. திறந்தபோதும் எப்படித் திறந்தது? தனித்தனி ஆட்களாக உருவி எடுத்துக்கொண்டார்கள். ராபின்சனுக்காக ப்ரூக்ளின் அவருடைய கறுப்பர் அணிக்கு ஒரு பைசா கொடுக்கவில்லை. கறுப்பர்கள் கட்டி வளர்த்த லீகுகள் சில வருடங்களில் வற்றிப்போயின. உள்ளே விட்டவனே உள்ளே வரமுடியாதவனின் வீட்டையும் இடித்துவிட்டுப் போனான்.

ஆக, 42–109 என்ற எண்ணில் உள்ளது வெறும் திறமைக் குறைவு இல்லை. விற்ற முதலாளி அதில் இருக்கிறார், எழுதப்படாத விதி இருக்கிறது, சேர்க்கப்படாத ஆள் இருக்கிறார். யுத்தம் செய்த ஒரே நல்ல காரியம், ஆள் பஞ்சத்தால் வேலியின் துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டியது. தகுதி அடிப்படையில்தான் எடுக்கிறோம் என்று அதுவரை சொன்னவர்கள், தகுதியே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்களில் ஒருவன் போதும் என்று நடந்துகாட்டினார்கள். தகுதி, திறமை என்ற இந்த இரண்டு வார்த்தைகளையும் 1990இல் மண்டலுக்கு எதிரான தெருக்களில் கேட்டவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை.

தேர்வுப் பட்டியல், பரிசுப் பட்டியல், இலக்கிய நூற்றாண்டுத் தொகுப்பு என்று ஏதாவது ஒன்று தினமும் நம் கைக்கு வருகிறது. யார் மேலே, யார் கீழே என்று சண்டை போடுகிறோம். பில்லிஸ் கடைசி என்பது ஓட்டத்தில் சேர்க்கப்பட்ட எட்டு அணிகளுக்குள் மட்டுமே கடைசி. பட்டியலின் வரிசையைப் பற்றி வாயைத் திறக்குமுன், அதில் போட்டியிடவே யாரை விட்டார்கள் என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.